ஆக்டிவிட்டிபப் ஆவணம் மட்டும் போதாது

ஆக்டிவிட்டிபப் என்பது வெவ்வேறு சமூக வலைத்தள சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான நெறிமுறை; மாஸ்டடான் அதைப் பயன்படுத்தும் ஒரு சமூக வலைத்தள மென்பொருள். "ஆக்டிவிட்டிபப் விவரக்குறிப்பை அப்படியே நிரலாக்கினால் மாஸ்டடானுடன் உடனே உரையாடலாம்" என்று சொல்லப்படுவது, புதிதாக நிரல் எழுத வருபவர்களை நாள்கணக்கில் அலையவிடும். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியான அந்த ஆவணம், ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் தன்னை எப்படி மெய்ப்பிக்க வேண்டும் என்பதை வரையறுக்காமலே விட்டிருக்கிறது. அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை இல்லை என்பதை அதுவே நேர்மையாகப் பதிவு செய்கிறது. நடைமுறையில், மாஸ்டடானின் இன்பாக்ஸுக்கு (பிற சர்வர்களின் செய்திகளைப் பெறும் முகவரிக்கு) அனுப்பும் கோரிக்கையில், அனுப்புநர் யார் என்பதை மெய்ப்பிக்கும் எச்டிடிபி கையொப்பம் இருந்தாக வேண்டும். செய்தியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு அதனுடன் அனுப்பும் டைஜெஸ்ட் மதிப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) என்ற மறுப்புதான் திரும்பி வரும். பயனரை முகவரியைக் கொண்டு கண்டறிய வெப்ஃபிங்கர் என்ற தனி நெறிமுறையும் தேவை. அதையும் அந்த ஆவணம் கட்டாயமாக்கவில்லை. ஆகவே மாஸ்டடானின் சொந்த ஆவணங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.