ஸ்காட்லாந்துப் பூர்வீகம் தேடுகிறவர்களே, முதலில் கப்பலைத் தேடாதீர்கள்

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஸ்காட்லாந்து வம்சாவளி தேடுகிற பலர் நேராகக் கப்பல் பட்டியலில் போய் விழுகிறார்கள். வீண் அலைச்சல். பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவர்களின் அரசுப் பட்டியல் 1890-லிருந்துதான் தொடர்ச்சியாக இருக்கிறது. ஆட்டுப் பண்ணைக்காக ஹைலண்ட்ஸ் எனும் வடக்கு ஸ்காட்லாந்து மலைப்பகுதிக் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டி, பலர் கப்பலேறியதெல்லாம் அதற்கு வெகு முன்னால். 1852 முதல் 1857 வரை ஏறக்குறைய 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய ஹைலண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டியின் பட்டியல் தப்பிப் பிழைத்திருப்பது ஒரு விதிவிலக்கு.

போய்ச் சேர்ந்த நாட்டில் தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853-க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனியில் வாழ்ந்த வருடங்கள், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வருடங்களைக் கழித்தால் வந்திறங்கிய ஆண்டு கிடைக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்று கட்டாயம் பாருங்கள். மருமகன் சொன்ன தகவலில் மாமனாரின் அம்மா பெயர் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் என்றால் கல்லறைக் கற்களைப் படியுங்கள், பல கற்களில் பிறந்த பாரிஷையே, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தையே, செதுக்கியிருப்பார்கள். பாரிஷ் பெயர் கிடைக்கும்வரை கடலைத் தாண்டாதீர்கள்.

தாண்டிய பிறகு, போனவரை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தங்கையைப் பிடியுங்கள். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-ல் தொடங்கியது. அந்த இறப்புப் பதிவில் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு, கேட்கப்பட்டன. 1830-ல் கப்பலேறியவருக்கு அங்கே சான்றிதழ் கிடையாது. ஆனால் 1870-ல் ஊரிலேயே இறந்த தங்கைக்கு உண்டு, பெற்றோரோ ஒருவரே. பெண்களின் இறப்பைப் புகுந்த வீட்டுப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் இரண்டிலும் தேடலாம் என்பது பெரிய வசதி.

1855-க்கு முன்னால் ஞானஸ்நானம், திருமணம் போன்றவற்றைத் தேவாலயம் எழுதிவைத்த பாரிஷ் ஏடுகள்தான். மிகப் பழையது 1553-லேயே தொடங்குகிறது என்று மகிழ வேண்டாம். ஸ்கை தீவில் பல பாரிஷ்களுக்கு 1800-க்கு முன் ஏடே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒரு பதிவுக்கு 3 பென்ஸ் வரி இருந்ததால் ஏழைகள் பதியாமல் விட்டார்கள். 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது, பிரிந்து உருவான ஃப்ரீ சர்ச் பக்கம் போன குடும்பங்களின் குழந்தைகள் பழைய ஏட்டில் வராமல் போனார்கள்.

பெயர்தான் அடுத்த சிக்கல். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர். நமக்கும் பழக்கமான வழக்கம்தான். விளைவு, ஒரே பாரிஷில் ஒரே வயதில் பங்காளிகள் நாலு டொனால்ட் மெக்லியோட். வெளிநாட்டில் டொனால்ட் சில சமயம் டேனியல் ஆகியிருப்பான். பெயரும் வயதும் ஒத்துப்போகிறது என்று இணையத்தில் கிடைக்கிற குடும்ப மரத்தை அப்படியே ஒட்டிக்கொள்வது அடுத்து வருகிறவர்களுக்கும் செய்கிற கெடுதல். மனைவியின் குடும்பப் பெயரும் பண்ணைப் பெயரும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரைக் காட்டிக் கடையில் கொடுக்கும் கிளான் (குலம்) சான்றிதழ் எதற்கும் ஆதாரம் ஆகாது.

அப்பா பெயர் இல்லாத குழந்தை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். சபை மூப்பர்கள் தாயை விசாரித்து எழுதிவைத்த கிர்க் செஷன் (பாரிஷ் சபை மூப்பர் குழு) குறிப்புகளை 2021 முதல் ஸ்காட்லாந்து அரசின் வம்சாவளிப் பதிவுத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். குழந்தை பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்து ஒரு வருடம் பின்புவரை பாருங்கள்.