"இப்ப என்ன விசேஷம்?"

டிசம்பர் பிறந்தாலே எங்கள் சபை வாலிபர் குழு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் ஓட ஆரம்பிக்கும். எந்த இல்லத்துக்கு எந்தத் தேதி, போர்வை எத்தனை, பேனர் யார் பொறுப்பு, போட்டோ யார் எடுப்பது. பத்து வருஷமாக அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு. அதனால் இனி சொல்லப்போவதில் முதல் அடி எனக்குத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அன்றைக்கு அங்கே வந்த மூன்றாவது குழு நாங்களாம். படுக்கப் போன பெரியவர்களை மறுபடி எழுப்பி ஹாலில் உட்கார வைத்தார்கள். பாடினோம், கைதட்டினார்கள். காலையில் வந்தவர்கள் கொடுத்த போர்வை பிரிக்காமலே மடியில் இருந்தது. அதன்மேல் எங்கள் போர்வையை வைத்தோம். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னோம், சிரித்தார்கள். பழகிப்போயிருந்தது அவர்களுக்கு.

கிளம்பும்போது ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி. கால் நகம் கொஞ்சம் வெட்டி விடுறியா? குனிய முடியல. செருப்பு போட்டா குத்துது."

வேனில் எல்லாரும் ஏறியாச்சு. அடுத்த இல்லத்தில் காத்திருக்கிறார்கள். "சொல்லிட்டுப் போறேம்மா, பாத்துக்குவாங்க" என்று கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறந்துபோனேன்.

ராத்திரி ஆராதனையில், யோவான் சுவிசேஷம் வாசிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று வாசித்தார்கள். வாசம்பண்ணினார், அதாவது கூடவே குடியிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்று யோவான் எழுதவில்லை.

நாம் எப்போதும் குழந்தை இயேசுவைப் பார்க்கப் பொன்னும் தூபவர்க்கமும் கொண்டுபோகிற சாஸ்திரிகள் வேஷத்தையே எடுத்துக்கொள்கிறோம். லூக்கா 2:24-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். பிள்ளையோடு தேவாலயத்துக்குப் போன மரியாளும் யோசேப்பும் செலுத்தப் போனது ஒரு ஜோடி பறவை. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 12 அனுமதித்த காணிக்கை அது. நாம் யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறோமோ, அவருடைய குடும்பம் ஏழைகள் வரிசையில் நின்ற குடும்பம். கொடுக்கிற பக்கம் நின்றே பழகியவனுக்கு இது உறைக்க நாளாகும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான நிக்கொலாஸ் கதையும் அப்படித்தான். 4ஆம் நூற்றாண்டில் மீரா பட்டணத்துப் பேராயர். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் பணமுடிப்பை ஜன்னல் வழியே போட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. யார் போட்டது என்று தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய கவலையே. அவர் வேஷம் போட்ட ஆளைப் பக்கத்தில் நிறுத்தித்தான் நாங்கள் போட்டோ எடுக்கிறோம்!

இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. போர்வைக்குள் மதப் பிரசாரக் கைப்பிரதியைச் சுருட்டி வைத்துக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். அதே 4ஆம் நூற்றாண்டில் ரோமச் சக்கரவர்த்தி ஜூலியன், கிறிஸ்தவத்தை விட்டு விலகியவர், ஒரு கடிதத்தில் எரிச்சலோடு குறைப்பட்டுக்கொண்டார்: இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறார்களே என்று. எதிராளி வாயால் வந்த அந்தச் சான்றை விடப் பெரிய கைப்பிரதி எது?

டிசம்பரில் போவதே வீண் என்று சொல்லவில்லை. அந்த மாதம் வருகிற காசில் பல மாதம் ஓட்டுகிற இல்லங்கள் இருக்கின்றன. கொடுங்கள். ஆனால் போவதற்கு ஒரு வாரம் முன்னால் போன் போட்டு, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-இல் ஆதிச் சபைக்குள் முறுமுறுப்பு வந்தது, விதவைகள் சிலர் "அன்றாட விசாரணையில்", அதாவது தினசரிப் பராமரிப்பில், விடுபட்டதால்தான். அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அன்றாட விசாரணை. பண்டிகை விசாரணை இல்லை.

ஜனவரி மூன்றாம் வாரம் நானும் இன்னொருவனும் அந்த இல்லத்துக்குப் போனோம். கேட்டில் இருந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்."

பதிவேட்டை நீட்டினார். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் இரண்டு பக்கம். அதற்குக் கீழே முதல் பெயர் எங்களுடையது.

அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் காலை ஊற வைத்த பிறகுதான் நகவெட்டி இறங்கியது. அவ்வளவு தடித்துப்போயிருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் புண். "மெதுவா தம்பி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காலுக்கே அரை மணி நேரம் ஆனது. மற்றக் காலைத் தொடங்க நிமிர்ந்தபோது, பக்கத்து நாற்காலி தாத்தா தன் சாக்ஸைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.