புதிய கல்லீரல் வந்தாலும் மாத்திரையை விடாதீர்கள்

கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். மாற்றுக் கல்லீரல் பொருத்தியதும், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி தீர்ந்துவிடும் என்பதுபோல் அது முடிந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. தீராது. பழைய கல்லீரலை எடுத்தாலும் வைரஸ் இரத்தத்திலும் வேறு செல்களிலும் பதுங்கியிருக்கும். மறுபடி தொற்றாமல் தடுக்கும் மருந்து இல்லாத காலத்தில் பெரும்பாலானவர்களுக்குப் புதிய கல்லீரலையும் அது பற்றிக்கொண்டது. 1990களில், இந்த வைரஸை எதிர்க்கும் புரதங்கள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசி பரவலான பிறகுதான் நிலைமை மாறியது. இன்று வைரஸ் பெருகாமல் தடுக்கும் என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகளே பெரும் காவல். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

என் அண்ணன் என்டெகாவிர் சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்; சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்காகவே வீட்டில் எல்லோருக்கும் ஏழரைக்கே இரவுச் சாப்பாடு. பத்து மணிக்கு அலாரம் அடித்ததும் அண்ணி தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பார். ஊருக்குப் போனால் துணிகளுக்கு முன்பே மாத்திரை அட்டை பைக்குள் போய்விடும்.