டோனர் கார்டு இருந்தா காப்பாத்த மாட்டாங்களா? வாட்சப் புரளிங்க அது

எங்க சொந்தக்காரங்க குரூப்புல பெருந்துறை மாமா ஒரு பார்வேர்டு போட்டிருந்தாருங்க, பைபாஸ்ல அடிபட்டவன்கிட்ட உறுப்பு தான கார்டு இருந்தா டாக்டருங்க வைத்தியமே பாக்காம, இதயம் துடிக்கறப்பவே மூளைச்சாவுன்னு சொல்லி கிட்னிய எடுத்துருவாங்களாமா. தப்புங்க மாமா.

இதயம் துடிக்கறதுக்கு மூளை ஆர்டர் போடவேண்டியதில்லைங்க, அதுக்குன்னு சொந்தமா கரண்ட் இருக்குது, வெண்டிலேட்டர் ஆக்சிஜன் குடுக்கற வரைக்கும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா மூச்ச நடத்தற மூளையோட அடிப்பகுதி, அதான் மூளைத்தண்டு, செத்துட்டா மூச்சு தானா வராது, இதத்தான் மூளைச்சாவுங்கறாங்க, கோமா வேற இது வேற. இத ஒரே டாக்டர் சொல்லிற முடியாதுங்க, 1994 உறுப்பு மாற்று சட்டப்படி நாலு டாக்டருங்க டெஸ்ட் பண்ணி, ஆறு மணி நேரம் கழிச்சு மறுக்காவும் பண்ணோணும், வெண்டிலேட்டர கழட்டி மூச்சு விட முயற்சியாவது பண்றாங்களான்னும் பாப்பாங்க. உறுப்பு மாத்தற டீம்ல இருக்கறவங்க அந்த நாலு பேர்ல வரவே கூடாது. கார்டு இருந்தாலும் ஊட்டுக்காரங்க கையெழுத்து போடாம ஒண்ணும் நடக்காது. உறுப்பு யாருக்குன்னு டிரான்ஸ்டான்ங்கற தமிழ்நாடு அரசு உறுப்பு மாற்று ஆணையத்தோட வெயிட்டிங் லிஸ்ட்டுதான் முடிவு பண்ணும்.

பள்ளிபாளையம் பக்கம் தறிக்காரங்க கடனுக்கு கிட்னி வித்ததா 2025-ல நியூஸ் வந்துச்சேன்னு கேப்பீங்க. அது உசுரோட இருக்கறவங்கள புரோக்கருங்க ஏமாத்துனது, அதுக்கு அஞ்சுலருந்து பத்து வருசம் ஜெயில். ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பாதீங்க, அந்த பார்வேர்ட மட்டும் அழிச்சுப்போடுங்க மாமா.