செல்மாவையும் வியட்நாமையும் பிரிக்க முடியாது

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்க அவர் கொண்டுவந்த வாக்குரிமைச் சட்டத்தை விரிவாகப் பாராட்டிவிட்டு, வியட்நாம் போரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது அந்தக் கட்டுரை. தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் செல்மாவில் ஓட்டுரிமை கேட்டு அமைதியாக நடந்துவந்த சுமார் 600 பேரை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தருகே மாநிலப் போலீசார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். ஊர்வலத்தை முன்னின்று நடத்திய 25 வயது ஜான் லூயிசின் மண்டை உடைந்தது. மறுநாளே வியட்நாமின் தா நாங் கடற்கரையில் சுமார் 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் போய் இறங்குகிறார்கள்!

அடிபட்ட லூயிஸ் மருத்துவமனைக்குப் போகும் முன் தேவாலயத்தில் நின்று கேட்டது இதைத்தான்: வியட்நாமுக்குப் படை அனுப்பும் ஜனாதிபதியால் செல்மாவுக்கு ஏன் அனுப்ப முடியவில்லை? பாதுகாப்பு வந்தது, ஆனால் இரண்டு வாரம் கழித்து. ஆகஸ்டில் சட்டமும் வந்தது, அதன் பெருமையை நான் மறுக்கவில்லை.

அப்புறம் 1967 ஏப்ரல் 4. நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் போரை வெளிப்படையாகக் கண்டித்தார். உள்நாட்டில் ஏழைகளுக்குப் போக வேண்டிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்றார். பெரிய நாளிதழ்கள் அவர் மீதே பாய்ந்தன. ஜான்சனைப் பற்றிய கட்டுரையில் அந்த உரைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.