வீட்டுப் பிள்ளை மாதிரி

1976 ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டாள். மலைநாட்டு ரயிலில் வந்து, பொல்காவலையில் இறங்கி, வடக்கே போகும் ரயிலுக்கு மாறி, இரவெல்லாம் பயணம் செய்து வந்தவள், எங்கள் படலையடியில் நின்றபோதும் தகப்பனின் கையை விடவில்லை. தகப்பன் ஒரு பிளேன்டீ குடித்தார். அப்பா கொடுத்த பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்னேர ரயிலுக்கே திரும்பிவிட்டார். அவள் நான்கு வருடங்கள் எங்களோடு இருந்தாள்.

நான் வளர்ந்த வீட்டில் இனவாதம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதை அனுபவித்தவர்கள் அவர்கள். 1958 இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்திறங்கிய கதையைப் பெரியப்பா ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லுவார். அந்த வீட்டுக்குள்ளேயே அதன் இன்னொரு வடிவத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து வந்திருக்கிறேன். எனக்கு அதைக் கற்பித்தவர்கள் எல்லோரும் நான் மிகவும் நேசித்தவர்கள் என்பதால்தான் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டேன்.

யாரும் என்னை இருத்தி வைத்து எதையும் சொல்லித் தரவில்லை. அவளுக்கென்று நீலக்கரை போட்ட எனாமல் கோப்பை ஒன்று இருந்தது. அது குசினிக்கு வெளியே, கிணற்றடிப் பக்கச் சுவரில் ஆணியில் தொங்கும். எங்கள் பீங்கான் கோப்பைகளை அவள்தான் கழுவி அடுக்குவாள், ஆனால் அவளுடைய கோப்பை அந்த அடுக்குக்குள் ஒரு நாளும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் குசினி வாசற்படியில் இருந்து சாப்பிடுவாள். இரவில் அடுப்படிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுப்பாள். அவளுடைய சொந்தப் பெயரே எங்கள் சின்னம்மாவுக்கும் இருந்தபடியால், அவளைக் கூப்பிட்டு ஏசும்போது சின்னம்மாவை ஏசுவது போலிருக்கும் என்று சொல்லி, வந்த மூன்றாம் நாளே அம்மம்மா அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த வீட்டில் அவளுடைய வயதிலேயே ஒரு பெண்பிள்ளை இருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன், தப்பித்தவறிப் பெயரைச் சொன்னால் அம்மா முறைப்பார். எங்கள் வீட்டுக்குள் இருந்த, என்னைவிட மூன்று வயது மூத்தவளை ஒரு நாளும் அக்கா என்று அழைத்ததில்லை. அவள் என்னைத் 'தம்பி, வாங்க' என்பாள். நான் அவளை 'இஞ்சை வாடி' என்பேன். அம்மா அதற்கு முறைத்ததில்லை. ஒரு எட்டு வயதுப் பிள்ளை மனிதர்களை இரண்டாகப் பிரித்து அறிந்துகொள்வதற்கு அந்த முறைப்பும் முறைக்காமையும் போதும்.

அவளுடைய தமிழும் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. 'வந்திட்டினம்' என்று நாங்கள் சொல்வதை அவள் 'வந்துட்டாங்க' என்பாள்; நானும் மச்சான்மாரும் அவளைப் போலப் பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்போம், பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அதே வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகத்துத் திரைப்பட வசனங்களை வானொலிக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்து கேட்டோம். 'வந்துட்டாங்க' என்று அங்கே ஒரு நடிகர் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. மொழியில் பிழை இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் அரசியல் கதைப்பார்கள். அப்பா ஆசிரியர், அவருடைய நண்பர்களும் பெரும்பாலும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1972 இன் அரசியலமைப்பு, 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் நிறைவேறிய தனிநாட்டுத் தீர்மானம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்களை இரண்டாந்தரப் பிரசைகள் ஆக்கிவிட்டார்கள் என்ற வசனத்தை நான் முதலில் கேட்டது அந்த விறாந்தையில்தான். ஒரு தட்டில் ஆறேழு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, சிந்திவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்தபடி அவள் அந்தக் கதைகளுக்கு நடுவே நடந்து வருவாள். அவளுடைய குடும்பம் இரண்டாந்தரப் பிரசைகளாகக்கூட இருக்கவில்லை. அவர்களுக்கு எந்த நாட்டின் பிரசாவுரிமையும் கிடையாது. அவளுடைய தாயும் தகப்பனும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் இருந்து கொழுந்து பறித்தும் மலை வெட்டியும் வந்த தேயிலையைக் குடித்துக்கொண்டு, அவளிடம் 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்று அந்த விறாந்தையில் ஒருவராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நடந்தது பெரிய இரகசியம் அல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுச் சட்டங்களும் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்களை நாடற்றவர்களாக்கி, வாக்குரிமையையும் பறித்தன. முதற்சட்டம் நிறைவேறிய சில வாரங்களில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். அதை ஏற்காத செல்வநாயகம் அவருடைய கட்சியிலிருந்து பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பின்பு 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று எழுதினார்கள். பொருள் பங்கிடுவது போல மனிதர்களைப் பங்கிட்ட அந்தக் கணக்கில் அவளும் ஒரு எண். எங்கள் வீட்டில் செல்வநாயகத்தின் படம் மாட்டியிருந்தது. அவர் எந்த மக்களுக்காக முதலில் பிரிந்தாரோ, அந்த மக்களின் பிள்ளை அந்தப் படத்துக்குக் கீழே நிலம் கூட்டினாள்.

இங்கே நான் மிகக் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் என் வீட்டார் கொடியவர்கள் அல்லர். அவளை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. 1974 ஐ ஒட்டிய வருடங்களில் தோட்டங்களில் பசியால் மக்கள் செத்தார்கள். எங்கள் வீட்டில் அவள் மூன்று நேரமும் சாப்பிட்டாள். ஒருமுறை அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, அம்மம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, நெற்றியில் பத்துப் போட்டு, விடியும்வரை பக்கத்தில் இருந்து விசிறினார். அந்தக் காட்சியை இன்றும் காண்கிறேன்: குசினியின் சாணி மெழுகிய நிலம், கைவிளக்கு, பாயில் சுருண்டு கிடந்த அவள், அருகில் சப்பாணி கட்டி இருந்த அம்மம்மா. பக்கத்து அறையில் ஒரு கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அவளைத் தூக்கி அதில் படுக்க வைக்கலாம் என்று அந்த அன்பு நிறைந்த மனுசிக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வருவோர் போவோரிடம் அம்மா, 'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்' என்பார். மனதாரச் சொன்னார். அந்த 'மாதிரி' என்ற சொல்லுக்குள்தான் எனாமல் கோப்பையும், மாற்றிய பெயரும், அவளை எந்தப் பாடசாலையிலும் சேர்க்காததும் இருந்தன. சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டை அவள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், 'படிச்சு என்ன பெரிய உத்தியோகமோ பாக்கப் போறாய்?' என்று கேட்டவரும் அதே அம்மம்மாதான். வெறுப்போடு சொல்லப்பட்டிருந்தால், வளர்ந்தபின் அதை எதிர்த்து நிற்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்போடு கலந்து ஊட்டப்பட்டதை எதிர்க்கும்போது, ஊட்டிய கையையே தட்டிவிடுகிறோமோ என்று மனம் பதறுகிறது. நம்மில் பலர் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் 'அந்தக் காலம் அப்படி' என்று விலகிப் போவதற்குக் காரணம் இந்தப் பதற்றம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே காலத்தில்தான் மருத்துவர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் காந்தியம் என்ற அமைப்பின் மூலம், 1977 வன்முறையில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாப் பக்கம் வந்த மக்களைக் குடியமர்த்தப் பாடுபட்டார்கள். இராஜசுந்தரம் 1983 இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வேறு விதமாக நினைப்பது அந்தக் காலத்திலும் முடிந்திருக்கிறது.

1980 இல் அவளுடைய குடும்பத்துக்கு இந்தியா போகக் கடிதம் வந்தது. தகப்பன் வந்து படலையடியில் நின்றார். அம்மா இரண்டு புதுச் சட்டைகள் கொடுத்தார். அவள் எல்லோரிடமும் தனித்தனியாக 'போயிட்டு வாரேங்க' என்று சொல்லி அழுதாள். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறியிருப்பாள். அதன்பின் எந்தச் செய்தியும் இல்லை. எனாமல் கோப்பை நீண்ட காலம் அந்த ஆணியிலேயே தொங்கியது.

நான் 1989 இல் ரொறன்ரோவுக்கு வந்தேன். எனக்கு மூன்று வருடங்களுக்கு முன், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றியிருந்தார்கள். 2010 ஓகஸ்ட்டில் எம்.வி. சன் சீ என்ற கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பதினைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்று ஸ்காபரோவில் உறவினர் ஒருவரின் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். 'இந்தக் கள்ளத்தோணியள் வந்து எங்கட பேரையும் கெடுக்கப் போகுதுகள்' என்றார் ஒருவர். அவர் தாமும் போலிக் கடவுச்சீட்டில் வந்தவர். கள்ளத்தோணி என்பது மலையக மக்களைப் பார்த்துச் சிங்களவர்களும் நாங்களும் சேர்ந்து பாவித்த சொல். எங்கள் வீட்டில் அவளையும் கோபத்தில் அப்படி ஏசியிருக்கிறார்கள். பெருங்கடலைத் தாண்டியும் அந்தச் சொல்லைக் கைவிடாமல் கொண்டுவந்து, சொந்தச் சனத்தின்மீதே எறிகிறோம் என்று கண்டபோது என் வாய் அடைத்துவிட்டது. அன்று நான் எதுவும் சொல்லவில்லை, அதை இன்றும் என் குற்றமாகவே கருதுகிறேன்.

அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள் பாடசாலையிலிருந்து வந்து, தனக்குப் புதிய சிநேகிதி ஒருத்தி கிடைத்திருக்கிறாள், அவளுடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள் என்று மிகுந்த மகிழ்ச்சியோடு சொன்னாள். தமிழில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சிறிது யோசித்து, 'அவ ஒரு காப்பிலி' என்றாள். குரலில் துளி வெறுப்பும் இல்லை. நீலம், பச்சை என்று நிறத்துக்குச் சொல் இருப்பது போல அந்தச் சிநேகிதிக்குத் தமிழில் உள்ள சொல் அதுவென்று பிள்ளை நம்பியிருந்தாள். போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களைக் குறிக்க வழங்கிய சொல்; புத்தளம் பக்கம் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையை, 'காப்பிலி மாதிரிக் கறுத்துப் போனாய்' என்று ஏசுவதற்கு அது பயன்பட்டது. யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று அன்றிரவு நினைத்து நினைத்துப் பார்த்தேன். நான், மனைவி, அம்மா, மாமா, தொலைபேசியில் கதைக்கும் நண்பர்கள் என்று எவரையும் விலக்க முடியவில்லை. அடுத்த நாள் அவளிடம், அந்தச் சொல் பிழையானது, அதை உனக்கு முன்னால் சொன்ன நாங்களும் பிழை விட்டோம் என்று சொன்னேன். 'அப்ப ஏன் சொன்னீங்கள்?' என்று கேட்டாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

எங்கள் காயங்கள் ஆறாத நேரத்தில் இதையெல்லாம் எதற்காகக் கிளறுகிறாய் என்று சிலர் கேட்பார்கள். எங்களுக்கு நடந்ததை நான் ஒரு சொல்லாவது குறைத்துச் சொல்லவில்லை; எரிந்த யாழ் நூலகத்தின் வெப்பம் ஆறுவதற்கு முன் அந்தத் தெருவில் நடந்தவன் நான். ஆனால் 'நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள்' என்ற வசனத்தை ஒரு வேலியாக்கி, அதற்குப் பின்னால் எங்கள் பிள்ளைகளுக்கு எதையும் கற்பிக்கலாம் என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலைத்தளத்தில் எனக்கு வெள்ளை மேலாளர் ஒருவர் செய்த அவமானத்தை வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் சொல்கிறேன். அதே சாப்பாட்டு மேசையில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி, 'இனி இந்தப் பக்கம் வீட்டு விலை விழும்' என்று மாமா சொல்கிறார். பிள்ளைகள் இரண்டையும் ஒரே காதால் கேட்கிறார்கள். அவமானம் பிழை என்பதைவிட, அவமானப்படுத்தும் இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர்கள் அந்த மேசையில் படிக்கிறார்கள்.

2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். அவளைத் தேடவில்லை, அவள் அங்கே இருக்க வழியில்லை. உயிரோடிருந்தால் நீலகிரிப் பக்கமோ வேறெங்கோ, இன்று ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணாக இருப்பாள் என்று அன்று கணக்குப் பார்த்தேன். தேடுவதென்றால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். முதுமையில் பல விடயங்கள் மறந்தாலும் பழையவை தெளிவாக நினைவிருக்கின்றன. அவளைப் பற்றிக் கேட்டவுடன் கண் கலங்கி, 'நல்ல பிள்ளை, எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி' என்றார். அவளுடைய பெயர் என்ன என்று கேட்டேன். அம்மம்மா வைத்த பெயரைச் சொன்னார். அதில்லை, அவளுடைய சொந்தப் பெயர் என்றேன். சின்னம்மாவின் பெயர்தானே என்று நான் எடுத்துக் கொடுக்க முயன்றால், எங்களுக்குச் சின்னம்மாமார் நான்கு பேர். நால்வரில் யார் என்பது எனக்கே நினைவில்லை. படலையடியில் நின்று தகப்பன் அவளைக் கூப்பிட்ட குரல் மட்டும் காதில் இருக்கிறது, கூப்பிட்ட பெயர் இல்லை.

'அவளுக்கு வேற பேரும் இருந்ததோ, தம்பி?' என்று அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார்.