கோடைக்கு நாயை மொட்டை அடிக்காதீங்க

"ஹஸ்கி, லேப்ரடாருக்கெல்லாம் ஏப்ரல்லயே மொட்டை அடிச்சுடுங்க, டெல்லி வெயில் ஒண்ணும் பண்ணாது. சமாளிக்க முடியலைன்னா யாருக்காவது கொடுத்துடுங்க"ன்னு மேலே ஒரு சார் எழுதியிருக்கார். சார், தயவுசெஞ்சு அந்த வரியை எடுத்துடுங்க. படிச்சுட்டு இன்னைக்கே யாராவது மெஷினைக் கையில எடுத்துடுவாங்க.

இந்த நாய்களுக்கு முடி ரெண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கறது கோடையில தானா உதிரும். சீவி எடுத்தாலே போதும். மேல் முடிதான் தோல்ல நேரா வெயில் படாம காக்குது. ஒட்ட வழிச்சா தோல் வெந்துபோகும், சிலதுக்கு முடி பழையபடி வளர்றதும் இல்லை. நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்த்து நாய்க்குச் சூடு இறங்காது, பெரும்பாலும் இரைச்சுத்தான் இறங்கணும். சப்பை மூக்கு இருக்கற பக் (pug) வகை நாய்க்கு அதனாலதான் ஆபத்து அதிகம்.

விடாம இரைச்சு, எச்சில் கெட்டியா வழிஞ்சு, தள்ளாடினா ஹீட் ஸ்ட்ரோக்னு எடுத்துக்கோங்க. உடம்பு நனைய தண்ணி ஊத்தி, ஃபேனைப் போட்டு, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஆனா டெல்லி மயூர் விஹார் ஃபிளாட்ல மே மாசம் மத்தியானம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தா மொட்டைமாடி டேங்க் தண்ணி கையைச் சுடும். அதை அப்படியே ஊத்திடாதீங்க. காலையிலயே ரெண்டு பக்கெட் பிடிச்சு பாத்ரூம்ல வைங்க.

வெயிலைக் காரணம் சொல்லி நாயைக் கைகழுவ வேண்டாம். சோறு தண்ணி இல்லாம தவிக்கும்படி தெருவுல விட்டுட்டுப் போறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். லீவுக்கு ஊருக்குப் போறதுதான் சிக்கல்னா இங்கேயே கேளுங்க, எங்க வீட்டுல பார்த்துக்கறோம்.